விந்துப் பரிசோதனை: ரிப்போர்ட்டை நம்புவதற்கு முன்

கருத்தரிப்பு மையங்களுக்கு அலைந்த தம்பதிகளிடம் பேசினால் ஒரே புலம்பல்தான். மனைவிக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே என்று எல்லாம் முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகுதான் கணவன் பக்கம் திரும்புகிறார்கள். ஊசி வலி எல்லாம் அவளுக்கு. இவருக்குத் தேவைப்பட்டது வலியில்லாத, செலவு குறைந்த ஒரு டெஸ்ட். முதல் நாளே இருவருக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். "எங்க பையனுக்கு ஒண்ணும் இருக்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதெல்லாம் ரிப்போர்ட் ஆகாது.

அந்த டெஸ்டையும் ஒழுங்காக எடுக்க விடுவதில்லை என்பதுதான் எரிச்சல். உறவிலோ வேறு வகையிலோ விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். இதைச் சொல்லாமலேயே டப்பாவை நீட்டுகிற கவுண்டர்கள் உண்டு. மறுநாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் லீவு போச்சு. சாம்பிள் எடுக்கும் அறை என்று பொதுக் கழிப்பறையைக் காட்டும் இடமும் இருக்கிறது. அங்கே முடியாது என்று தோன்றினால், வீட்டிலிருந்து கொண்டுவரலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அரை மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். டப்பா சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். ஏசி காற்றிலும் வண்டி டாங்க் கவரிலும் வைக்காதீர்கள். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் கூடாது. சாதாரண ஆணுறையில் சேகரிக்கவும் கூடாது. முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வரும், அதற்கு மாத்திரையும் வரும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்ணிக்கைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை: எத்தனை நாள் இடைவெளி, சாம்பிள் எடுத்த நேரம், பார்த்த நேரம், முழுதாகச் சேகரித்ததா. இவை இல்லாத ரிப்போர்ட் அரை ரிப்போர்ட். அடுத்து, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' அளவு. ஒரு மில்லிக்கு 20 மில்லியன் விந்தணு என்று போட்டிருந்தால் அது உலக சுகாதார நிறுவனக் கையேட்டின் 1999 பதிப்புக் கணக்கு. அதன் 2021 பதிப்பில் கீழ் வரம்பு: விந்தின் அளவு 1.4 மில்லி, விந்தணு ஒரு மில்லிக்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். '96 சதவீதம் வடிவம் சரியில்லை' என்று படித்துவிட்டுத் தூங்காமல் கிடப்பவர்கள் ஏராளம், அதுவே வரம்புக்குள்தான். வரம்புக்குக் கீழே போனாலும் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் சம்மதிக்காதீர்கள். விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. போன மாதம் டெங்கு காய்ச்சல் வந்திருந்தால் இந்த மாத எண்ணிக்கை விழுந்திருக்கலாம். மருந்து தொடங்கிப் பதினைந்து நாளில் மறு டெஸ்ட் எழுதினால் எதற்கு என்று கேட்கலாம்.

இன்னொரு குறை, உடம்பைத் தொட்டே பார்க்காமல் மருந்து எழுதுவது. ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண்மை நல மருத்துவர்) அல்லது யூராலஜிஸ்ட் நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். விரையின் அளவும், விந்துக்குழாய் இருக்கிறதா என்பதும் கைக்கே தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரிந்து கைக்குத் தட்டுப்படாத வெரிகோசீலுக்கு (விரைப்பையின் ரத்தக்குழாய் வீக்கம்) ஆபரேஷன் தேவையில்லை என்பதே மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் ஸ்கேன் தாளைக் காட்டியே தேதி குறிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது டாக்டரைப் பாருங்கள்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய விஷயம்: டெஸ்டோஸ்டிரான் ஊசி போட்டால் விந்தணு உற்பத்தி நின்றே போகலாம். நிறுத்திய பிறகு மீள மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். இதை டாக்டரிடம் மறைத்தால் வைத்தியம் திசை மாறிப்போகும். ஹார்மோன் டெஸ்டுக்குக் காலை பத்து மணிக்குள் ரத்தம் கொடுங்கள். சாயங்காலம் டெஸ்டோஸ்டிரான் குறைவாகத்தான் காட்டும்.

ரிப்போர்ட்டில் 'நில்' (nil), அதாவது விந்தணுவே இல்லை என்று வந்தால் உடைந்துவிடாதீர்கள். சாம்பிளைச் சுழற்றி அடியில் படிந்ததைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மறு சாம்பிளும் கொடுங்கள். அடைப்பால் வரவில்லையா, உற்பத்தியே இல்லையா என்பது அதற்கடுத்த கேள்வி. உற்பத்திக் கோளாறு என்றால் சிகிச்சை தொடங்கும் முன் குரோமோசோம் டெஸ்டும் ஒய் குரோமோசோம் டெஸ்டும் எடுக்க வேண்டும். ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கான ஏஇசட்எஃப் (AZF) ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லை என்றால் விரையிலிருந்து எடுத்தாலும் விந்தணு கிடைக்க வாய்ப்பு ஏறக்குறைய இல்லை, பணத்தை மிச்சப்படுத்தலாம். உறையவைக்கும் வசதி இல்லாத இடத்தில் 'சும்மா பார்க்க' என்று பயாப்சிக்கு (விரையில் சதை எடுத்துப் பார்ப்பது) படுக்காதீர்கள். கிடைத்த விந்தணு வீணாகும், இன்னொரு முறை கீற வேண்டிவரும்.

காகித விவகாரத்தில் இனிஷியல்தான் வில்லன். ஆதாரில் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் நாளில் நிறுத்திவிடுவார்கள். முன்னாலேயே திருத்துங்கள். செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய இந்தியாவின் 2021 சட்டப்படி மையத்துக்குப் பதிவு வேண்டும், சிகிச்சைக்குக் கணவனின் வயது 21 முதல் 55க்குள் இருக்க வேண்டும்.

துபாய், சவூதியிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறவர்கள் இறங்கியதும் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி முடிவு கையில் இல்லாமல் விந்தை உறையவைக்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பும் முன் ஒரு சாம்பிளை உறையவைத்திருந்தால், ஐயுஐ (கருப்பைக்குள் விந்தைச் செலுத்துவது) அன்றோ இக்ஸி (கருமுட்டைக்குள் விந்தணுவை ஊசியால் செலுத்துவது) அன்றோ டிக்கெட் போட்டு ஓடிவர வேண்டியதில்லை. உள்ளூரிலேயே இருப்பவருக்கும் அன்று பதற்றத்தில் சாம்பிள் வராமல் போகலாம், அதற்கும் இதே ஏற்பாடு போதும்.