137

"இந்த வரி எனக்குத் தெரியும்ண்ணா" என்றார், என்னோடு வேலை பார்ப்பவர். அவ்வளவுதான். ரிவ்யூவில் அப்ரூவ் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். மூன்று வாரம் ஆகிறது. வருத்தப்பட்டுச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வரி இதுதான். கோட் எழுதும் ஏஐ ஏஜெண்ட்டுக்காக நான் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம்: "137 என்று வந்தால் உன் கோட் தப்பு என்று முடிவு கட்டாதே. கன்டெய்னருக்கு மெமரி 512 எம்பிதான். அதைத் தாண்டியதால் கர்னல் ப்ராசஸைக் கொன்றிருக்கலாம். கோடில் கை வைக்கும் முன் வரம்பைக் கூட்டி ஒருமுறை ஓட்டிப் பார்." கன்டெய்னர் என்பது ப்ரோக்ராம் ஓட மெஷினுக்குள் தனியாகப் பிரித்துவைத்த இடம். கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி.

எங்கள் மதிப்பீட்டுக் கருவி கோடை வாங்கி கன்டெய்னரை உருவாக்கும் டாக்கருக்குள் போட்டு, டெஸ்ட்டுகளை இயக்கும் பைடெஸ்ட் ஓட்டி, கடைசியில் பாஸ் அல்லது ஃபெயில் என்று சொல்லும். ஃபெயில் என்றால் பக்கத்தில், ப்ரோக்ராம் எப்படி முடிந்தது என்று காட்டும் ஒரு எண். அந்த எண்ணுக்கு அர்த்தம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கருவியை எழுதியவன் நான், எனக்குத் தெரியும். கேட்பவர்களுக்குச் சொல்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏஜெண்ட்டை அதில் ஓடவிட்ட முதல் நாள், ஒரு சிஎஸ்வி ஃபங்ஷனைத் திருத்தச் சொல்லியிருந்தோம். அது முதல் முறையே சரியாகத்தான் எழுதியது. ஆனால் அந்த டெஸ்ட் ஒரு பெரிய ஃபைலை மொத்தமாக மெமரிக்குள் ஏற்றும். 137. ஏஜெண்ட்டுக்குத் தெரிந்தது ஃபெயில் மட்டும். சரியாக இருந்த ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியது. கடைசியில் அந்த டெஸ்ட்டை ஓட்டாமல் தாண்டிப் போகும்படி அதன் தலையில் ஸ்கிப் என்று போட்டுவிட்டு, எல்லாம் பாஸ் என்று அறிக்கை கொடுத்தது.

அன்று மாலையே உட்கார்ந்தேன். இரண்டு நாளில் ஏஜெண்ட் படிப்பதற்கான குறிப்பு ஃபைல், ஏஜெண்ட்ஸ் டாட் எம்டி தயார். 124 வந்தால் நேரம் தீர்ந்துவிட்டது. 5 வந்தால் ஒரு டெஸ்ட்கூட ஓடவில்லை, அதை வெற்றி என்று எண்ணாதே. டெஸ்ட் ஃபைல்களைத் தொடாதே. பிறகு 137. இவ்வளவு தெளிவாக நான் எதையும் எழுதியதில்லை. அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது.

ரிவ்யூவுக்கு அவரிடம் அனுப்பும்போதுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் சொன்ன பிறகுதான் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், அவர் சேர்ந்த இரண்டாவது வாரம். அப்போது சார் என்று கூப்பிடுவார். "ஃபெயில்னு வருது சார், ஏன்னு தெரியல." அதே டெஸ்ட், அதே எண். நான் ஸ்க்ரீனிலிருந்து திரும்பாமலே "லாக்கைப் பாரும்மா" என்றேன்.

லாக்கில் என்ன இருக்கும்? டெஸ்ட் ஃபைலின் பெயர், அதையடுத்து பாஸான டெஸ்ட்டுக்கு ஒன்றாக ஏழெட்டுப் புள்ளிகள், பிறகு வெறுமை. ஒரு ப்ராசஸை சிக்னல், அதாவது சிஸ்டம் அனுப்பும் கட்டளை, கொன்றால் அதன் எண்ணை 128-ஓடு கூட்டிச் சொல்வது வழக்கம். 137 என்பது 128-உம் 9-உம் சேர்ந்தது. ஒன்பதாம் எண் சிக்னலை எந்த ப்ரோக்ராமாலும் தடுக்க முடியாது. சாகும் முன் ஒரு வரி எழுதக்கூட அதற்கு அவகாசம் கிடைக்காது. காரணம், கன்டெய்னர் ஓடும் ஹோஸ்ட் மெஷினின் கர்னல் லாக்கில் இருக்கும். டாக்கர் இன்ஸ்பெக்ட் அடித்தால் ஓஓஎம்கில்டு ட்ரூ, அதாவது மெமரி போதாமல் கொல்லப்பட்டது, என்று காட்டும். அந்த மெஷினுக்கு அவருக்கு அனுமதியே கிடையாது. பதில் இல்லாத இடத்தில் தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கள் காலை வந்து "மெமரி சார்" என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தன் லேப்டாப்பில் ஓட்டி, எந்த ப்ராசஸ் எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று காட்டும் டாப் கமாண்டைப் பக்கத்தில் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்து கண்டுபிடித்திருக்கிறார். "கரெக்ட்" என்றேன். அதைப் பாராட்டு என்றுதான் அப்போது நினைத்தேன்.

இன்று ப்ரொடக்‌ஷனில் எது விழுந்தாலும் முதலில் மெமரியைப் பார்ப்பவர் அவர்தான். ஒரு வரியைப் படித்திருந்தால் அந்தப் பழக்கம் வந்திருக்குமா? நானும் அப்படித்தான் கற்றேன், யாரும் எழுதிவைக்கவில்லை. ஏஜெண்ட்டுக்கு செஷன் முடிந்தால் எல்லாம் போய்விடும், ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மனிதருக்கு ஒருமுறை பட்டால் போதும். இந்த வாதத்தை நண்பர்களிடமும் சொல்லிப் பார்த்தேன், ஒத்துக்கொண்டார்கள். இதில் தப்பு இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அன்று நான் அவருக்குக் கற்றுக்கொடுக்க நினைக்கவில்லை. வேலையாக இருந்தேன். பயிற்சி என்ற பெயர் பிறகு நானாக வைத்தது.

இன்னொன்றும் உறுத்துகிறது. டெஸ்ட்டில் ஸ்கிப் போட அவராலும் முடிந்திருக்கும். சேர்ந்து இரண்டு வாரமே ஆனவர் அப்படிச் செய்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டோம். அவர் போடவில்லை. தன் கோடில்தான் தப்பு என்று நம்பி இரண்டு நாள் தேடினார். அவர் தாங்கிக்கொண்டதால் கருவியின் குறை எனக்குத் தெரியவே இல்லை. ஏஜெண்ட் தாங்கவில்லை, அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். ஏஜெண்ட் ஏமாற்றியது என்று சொல்வதும் சரியில்லை. பாஸ் வாங்கு என்றோம், வாங்கிக் கொடுத்தது.

அவரிடமே கேட்டுவிடலாம். கேட்டால் "ஐயோ, சும்மா சொன்னேன்ண்ணா" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

போன வாரம் கருவியையே மாற்றினேன். 137 வந்தால் மெமரி வரம்பு தாண்டியதா என்று டாக்கரிடம் கேட்டு, பாஸ், ஃபெயிலுக்குக் கீழே காரணத்தையும் அச்சடிக்கும். பத்து வரிகூட ஆகவில்லை. ரிவ்யூவருக்கு அவர் பெயரைப் போட்டேன். இந்த மாற்றம் எதற்காக என்று கேட்கும் இடத்தில் முதலில் "ஏஜெண்ட்டுகளுக்காக" என்று எழுதி, அழித்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.