கொள்ளிடக் கரையிலிருந்து: திருவானைக்காவல் படக் குறிப்புகள், 2018

ஜூலை 15, ஞாயிறு

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை எடுக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 236 அடி, 13 நிலை, 1987-ல் கட்டி முடித்தது, எந்தப் பக்கம் நின்று கிளிக்கினாலும் படம் வந்துவிடும். நான் இந்த வருஷம் அதை விட்டுவிட்டு ஆற்றையும் வாய்க்காலையும் பாலங்களையும் மட்டும் எடுப்பதாக இருக்கிறேன். இன்று கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம். 1928-ல் கட்டியது. பக்கத்தில் புதுப் பாலம் 2016-ல் திறந்ததும் இதில் வண்டிகள் நின்றுபோய், இப்போது காலையில் வாக்கிங் போகிறவர்கள் ராஜ்ஜியம்தான். நம்பர் ஒன் டோல்கேட் வரை போய்த் திரும்புகிறார்கள், பாதிப் பேர் அரசியல் பேசவே வருகிறார்கள்.

அப்புறம் கீழே மணலில் இறங்கினேன். தூண்களின் அடிப்பகுதியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நடுவில் என் தலைக்கு மேலே ஒரு கறைக்கோடு. ஒரு காலத்தில் மணல் அந்த மட்டத்துக்கு இருந்திருக்க வேண்டும். அந்தக் கோட்டை மட்டும் நிறைய எடுத்தேன், பக்கவாட்டு வெயிலில் கல்லின் சொரசொரப்பு நன்றாக விழுந்திருக்கிறது.

ஜூலை 22, ஞாயிறு

தண்ணீர் வந்துவிட்டது! 19-ந்தேதி மேட்டூரில் திறந்தது, இன்று கல்லணையையும் திறக்கிறார்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் புதுத்தண்ணி பார்க்கிற கூட்டம். டீயில் பால் கம்மியான நிறம், மேலே நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு. வெயில் ஏறியபின் கண்ணை அடிக்கிறது, லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டால் பளபளப்பு போய் வெறும் சேறுதான் தெரிகிறது, அதனால் கழற்றிவிட்டேன். படித்துறையில் திதி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை. எடுப்பவர்கள் எடுக்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஜூலை 26, வியாழன்

மேட்டூர் 120 அடி நிரம்பி மூன்று நாளாகிறது. சாயங்காலம் காவிரிப் பாலத்திலிருந்து மலைக்கோட்டை. 1976-ல் திறந்த பாலம், பஸ் ஒவ்வொன்று போகும்போதும் இணைப்பில் தடக்கென்று ஒரு குலுக்கல், முக்காலி வைத்தும் பிரயோஜனமில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிக்னல் விழுந்து பாலம் கொஞ்சம் காலியாகிற இடைவெளியில்தான் அரை செகண்டு, ஒரு செகண்டு எக்ஸ்போஷர் எல்லாம் கிடைக்கும். உச்சிப் பிள்ளையார் கோயில் விளக்கு தண்ணீரில் நீளமாக இழுத்துக்கொண்டு வந்தது. அது போதும்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

ஆடிப்பெருக்கு. போன வருஷங்களில் குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனவர்களுக்கு இந்த வருஷம் ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. தடுப்புக் கட்டித்தான் விட்டார்கள். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி. ஒரு புதுப்பொண்ணு கல்யாண மாலையை ஆற்றில் விடப்போக, அது போகாமல் படியிலேயே சுற்றிச் சுற்றி வந்தது, மாமியார் காலால் ஒரு தள்ளு தள்ளினார். அவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுத்தேன், வாட்ஸாப்பில் அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

நேற்று ராத்திரி பழைய பாலம் விழுந்துவிட்டது. ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிற முக்கொம்பில், காவிரிக்குப் போக மிஞ்சுகிற வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடத்தில்தான் தள்ளுவார்கள், அதுதான் அந்த ஆற்றின் வேலையே. விரிசல் விட்டிருக்கிறது என்று முன்பே ஆட்களை விடாமல் அடைத்திருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. காலையில் புதுப் பாலத்தில் திருவிழாக் கூட்டம். எல்லார் கையிலும் போன், போலீஸ் “நிக்காதீங்க, நகருங்க” என்று விரட்டிக்கொண்டே இருந்தார்கள். இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டு தண்ணீரில் மூக்கை நுழைத்துக் கிடக்கிறது.

இத்தனை நாள் அந்தப் பாலத்தை ஒருத்தர் எடுத்துப் பார்த்ததில்லை, விழுந்ததும் ஆளுக்கு ஐம்பது படம். காரணம் கேட்டால் டீக்கடையில் நிற்கிற எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: மணல். நான் எடுத்த கறைக்கோட்டுப் படத்தைக் காட்டினேன். பெரியவர் ஒருவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு “இதுக்கு மேல என்னத்த சொல்ல” என்று போனைத் திருப்பித் தந்தார்.

ஆகஸ்ட் 23, வியாழன்

இப்போது முக்கொம்பு. நேற்று ராத்திரி கொள்ளிடம் பக்கத்து மதகில் ஒன்பது ஷட்டர் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய மேலணை, ஒரே வாரத்தில் கொள்ளிடத்தில் இரண்டாவது அடி. போய்ப் பார்த்தேன், கிட்டே விடவில்லை, அமைச்சர் வண்டியும் டிவிக்காரர்களும் மணல் மூட்டை லாரியும்தான். தூரத்திலிருந்து எடுத்தது ஒன்றும் தேறவில்லை. மணல் மூட்டை கட்டுகிற ஆட்களை மட்டும் கொஞ்சம் எடுத்திருக்கிறேன்.

வாக்கிங் மாமா ஒருவருக்கு பழைய பாலத்தின் முழு நீளப் படம் பெரிதாக பிரிண்ட் வேண்டுமாம், நாளை ஸ்டூடியோவில் கொடுக்க வேண்டும். கொள்ளிடம் பக்கம் இனிக் கொஞ்ச நாள் போக விடமாட்டார்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை தென்கரை. ராஜராஜ சோழன் பட்டப் பெயரில் இருக்கிற உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பேட்டைவாய்த்தலையில் ஆரம்பித்துப் பிடிக்கிறேன். பாலக்கரை வந்து சேரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எடுக்க வேண்டியிருக்கும்.