டொக்!

லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைக்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். தண்ணீர் பாட்டிலாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்வோம். பாட்டிலோ பக்கவாட்டு வலைப்பையில் தேமே என்று நின்றுகொண்டிருக்கும். தரையில் இடித்தது லேப்டாப்பின் மூலை.

லேப்டாப் மாடியிலிருந்து விழுவதெல்லாம் அபூர்வம். இந்த டொக் தினமும் நாலைந்து தடவை நடக்கிறது. ஆனால் பை வாங்கப் போகிறவர்கள் அடியைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து, “அட, இதுக்குள்ள இன்னொரு அறை!” என்று புதையல் கண்ட மாதிரி எண்ணிக்கொண்டிருப்பார்கள். பதினேழு அறை உள்ள பையில் பென்டிரைவைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பூரிப்பு வராது.

அடியைச் சோதிக்க அரை நிமிஷம் போதும். லேப்டாப் அறைக்குள் ஒரு கையைக் கடைசி வரை விடுங்கள். இன்னொரு கையால் பையின் வெளி அடியைத் தொடுங்கள். இரண்டு கைக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். நல்ல பையில் லேப்டாப் அறை தூளி மாதிரி அந்தரத்தில் தொங்கும். பை தரையில் மோதினாலும் குழந்தைக்குத் தெரியாது. “அடியில ஃபோம் இருக்கு சார்” என்பார் விற்பவர். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை நசுக்கிப் பாருங்கள். விரலும் விரலும் ஒன்றையொன்று உணர்ந்தால் அது ஃபோம் இல்லை, ஃபோம் பற்றிய வதந்தி. அழுத்திவிட்டு எடுத்ததும் பழையபடி எழும்ப வேண்டும். கடையில் சொந்த லேப்டாப்பை வைத்துச் சோதிக்க மனசு வராது. கெட்டி அட்டை போட்ட கனமான புத்தகம் ஒன்றை உள்ளே வைத்து, பையை நாலு விரல் உயரம் தூக்கி விடுங்கள். டொக் என்றால் அடுத்த பை.

அடுத்த வேடிக்கை அளவு. “என்னுது 15.6” என்று ரத்தப் பிரிவு சொல்வது போலச் சொல்வோம். அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம், 15.6 அங்குலம், அதாவது 39.6 செ.மீ. பைக்குள் போவது திரை மட்டுமில்லையே! பழைய மாடல் என்றால் ஓரம் அகலம், உடம்பும் தடிமன், புதுசு ஒல்லி. அதனால் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போவதுதான் சரி. அறை ஒரு செ.மீ. பெரிதாக இருக்கலாம். இறுகினால் ஜிப் அழும், தொளதொளத்தால் லேப்டாப் உள்ளே நடனம் ஆடும்.

ஜிப் விஷயத்தில் பல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் முதலில் சாவது, இழுத்து மூடித் திறக்கும் ரன்னர்தான். தேய்ந்து வாய் அகன்றுவிட்டால், மூடிக்கொண்டே போகும், பின்னாலேயே திறந்துகொண்டும் வரும். குறடால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் லேசாக அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும். பலமாக அழுத்தினால் அன்றோடு சரி. ரன்னரின் முதுகில் 5, 8, 10 என்று ஓர் எண் இருந்தால் பாருங்கள்: எண் கூடக்கூட ஜிப் தடிமன். முக்கிய அறைக்கு 8 இருந்தால் நிம்மதி. ஜிப் திரும்பும் மூலை வளைவாக இருக்கட்டும். செங்கோணமாகத் திரும்புகிற ஜிப் தினமும் அங்கேதான் முரண்டு பிடிக்கும்.

துணிக்கு டெனியர் சொல்வார்கள்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு. 600 பாலியஸ்டர் அன்றாடத்துக்குத் தாங்கும். 1680 இன்னும் முரடு, கனமும் கூடுதல்.

கனம் என்றதும் ஒரு கூட்டல். லேப்டாப் இரண்டு கிலோ, சார்ஜர் அரைக் கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, வெறும் பை ஒரு கிலோ. ஒரு காகிதம்கூட வைக்கவில்லை, நாலரைக் கிலோ ஆயிற்று! வார் ஆறேழு செ.மீ. அகலமாவது வேண்டும். அது பையோடு சேரும் இடத்தில் சதுரம் போட்டு நடுவே பெருக்கல் குறி தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை வரித் தையல் என்றால் ஏதாவது படிக்கட்டில் கையை விரிக்கும்.

திருடன் திறக்க முடியாத பை என்று ஒரு ரகம் உண்டு, ஜிப் முதுகுப் பக்கம். திருடனுக்குக் கஷ்டம்தான். வரிசையில் நின்றபடி அடையாள அட்டையை எடுக்கப் போகும் சொந்தக்காரருக்கு அதைவிடக் கஷ்டம்.

சார்ஜர் கட்டியை மட்டும் லேப்டாப்புக்கு நேர் முன்னால் திணிக்காதீர்கள். கூட்டத்தில் யாராவது சாய்ந்தால் அது மூடியை அழுத்தி டிஸ்ப்ளேயில் கோடு போட்டுவிடும். சார்ஜருக்குப் பையின் அடியிலோ ஓரத்திலோ தனி இடம் வேண்டும். மூடி உங்கள் முதுகைப் பார்த்து இருக்கட்டும்.

ஏற்கெனவே டொக் பை வாங்கியாயிற்றா? இரண்டு செ.மீ. தடிமனில் கெட்டி ஃபோம் துண்டு வெட்டி லேப்டாப் அறையின் அடியில் போடுங்கள். அப்போது பையைக் கவிழ்த்தும் பாருங்கள். சில பைகளில் வெளி அடியில் ஒரு குட்டி ஜிப் இருக்கும். அதற்குள் மழை உறை, பிரிக்காத பாலிதீனோடு. இரண்டு வருஷமாக லேப்டாப் பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு நனைந்து ஓடியவர்கள், அந்த உறையையும் சேர்த்தே சுமந்து ஓடியிருக்கிறார்கள்.