தறி நின்ற நேரம்

விசைத்தறி ஓடும் வீட்டில் பேட்டி எடுப்பது எங்கள் குழுவில் யாருக்கும் பிடிக்காது. எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. ஒரே கேள்வியை மூன்று முறை கத்த வேண்டும். சாயங்காலம் தொண்டை கட்டிக்கொள்ளும். எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. நான் கேட்க வேண்டிய கடைசிப் பகுதிக்கு அதைவிட நல்ல கதவு கிடைக்காது. தறி ஓடினால் அடுத்த அறையில் இருக்கும் மாமியாருக்கு எதுவும் கேட்காது.

2020 பிப்ரவரியில் சேலத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. மத்திய சுகாதார அமைச்சகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுக்க நடத்தும் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுக்குக் களப்பணியாளராகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எத்தனை பிள்ளைகள், எங்கே பிரசவம், தடுப்பூசி, கருத்தடை என்று ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, குடும்ப வன்முறைப் பகுதிக்கு வந்திருந்தேன். அந்தப் பெண்ணும் நானும் தலையோடு தலை சேர்த்துக் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். கணவர் கன்னத்தில் அறைந்திருக்கிறாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எப்போது என்று கேட்டேன்.

"போன மாதம்கூட!"

அந்த நொடியில் மின்சாரம் நின்றது. தறி நின்றது. அவருடைய இரண்டு சொற்கள் வீடு முழுக்கத் தனியாக ஒலித்தன. உள்ளிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "என்ன கண்ணு, போன மாதம்?"

"மாதவிலக்கு அத்தை. நாள் தள்ளிப்போனதைக் கேட்கிறார்கள்."

யாராவது வந்தால் உடனே வேறு கேள்விக்குத் தாவிவிட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை நான் நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் அவர் செய்து முடித்துவிட்டார். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் குழந்தையின் எடையைப் பற்றிப் பேசினேன். பிறகு அவர் எழுந்து போன ஐந்து நிமிடத்தில் மிச்சக் கேள்விகளைத் தாழ்ந்த குரலில் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "இல்லை."

அந்த "இல்லை"களை என்னவென்று எடுத்துக்கொள்வது? பகுதியின் முடிவில் இதற்கென்றே ஒரு கேள்வி உண்டு, அது எங்களுக்கான கேள்வி. கணவரோ வேறு ஆணோ பெண்ணோ குறுக்கே வந்ததால் பேச்சை நிறுத்த நேர்ந்ததா, ஒருமுறையா பலமுறையா? "வேறு பெண், ஒருமுறை" என்று குறித்தேன். ஆனால் மின்சாரம் நின்றதற்கு முன் சொன்ன பதில்களும் பின் சொன்ன பதில்களும் கணினியில் ஒரே எடையோடுதான் போய்ச் சேர்ந்தன.

(இந்தக் கட்டுரையில் வரும் பெண்களின் வயது, பிள்ளைகள், தொழில் விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் எந்தச் சமூகம் என்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதையே காரணமாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.)

இந்தப் பகுதியில் "கொடுமை", "வன்முறை" என்ற சொற்களை வைத்துக் கேட்பதில்லை. செயலைக் கேட்கிறோம். தள்ளினாரா, உலுக்கினாரா, எதையாவது எடுத்து எறிந்தாரா? கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா? அறைந்தாரா? உதைத்தாரா? கழுத்தை நெரித்தாரா, சூடு வைத்தாரா? அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் 1970களில் உருவாக்கிய அளவுகோலை மாற்றியமைத்த வடிவம் இது. காகிதத்தில் படித்தபோது காவல்துறை விசாரணை மாதிரி இருந்தது. களத்தில்தான் அதன் அருமை புரிந்தது. "உங்கள் வீட்டுக்காரர் உங்களைக் கொடுமைப்படுத்துவாரா?" என்று கேட்டால் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். கொடுமைக்காரரோடு வாழ்கிறேன் என்று ஒப்புக்கொள்வது யாருக்கு முடியும்? "முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாரா?" என்றால், கொஞ்சம் யோசித்து, "அது கோபம் வந்தால் செய்வதுதான்" என்பார்கள்.

1998-99இல் நடந்த இரண்டாம் சுற்றில் இந்த வரிசை இல்லை. 15 வயதுக்குப் பிறகு யாராவது அடித்ததோ உடலைத் துன்புறுத்தியதோ உண்டா என்று பொதுவாகக் கேட்டார்கள். அப்படிக் கேட்டபோதே தமிழ்நாட்டில் 40 விழுக்காட்டுப் பெண்கள் ஆமாம் என்றார்கள். இந்தியா முழுக்க அது 21தான். 2005-06 மூன்றாம் சுற்றில் தனிப் பகுதி வந்தது. கணவரிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 37.2, தமிழ்நாட்டில் 41.9. இரண்டு சுற்றுகளின் அளவுகோலும் ஒன்றல்ல, அப்படியே ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. கேள்வி எவ்வளவு மொட்டையாக இருந்தாலும் தமிழ்நாட்டுப் பெண் அடியை அடி என்று சொல்லிவிடுகிறாள். மற்ற இடங்களில் கேள்வியைப் பிட்டுப் பிட்டு வைத்த பிறகுதான் பதில் வெளியே வந்தது. இது பெருமையா வருத்தமா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

நான் வேலை செய்த ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டு எண் 38.1, இந்திய எண் 29.3. அதே சுற்றில் கர்நாடகம் 44.4க்குப் போனது. அதற்கு முந்தைய சுற்றில் அங்கே 20.6. ஐந்து ஆண்டுகளில் ஒரு மாநிலத்துக் கணவர்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டு மடங்கு மோசமாகிவிட்டார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை. யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், கதவு சாத்தியிருந்ததா என்பதில் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இதைச் சொன்னால் "அப்படியென்றால் உங்கள் எண்ணே பொய்தானே" என்று என் தம்பி மடக்குவான். பொய் இல்லை. அது தரை. அதற்குக் கீழே போகாது, மேலே எவ்வளவு உயரம் என்று மட்டும் தெரியாது.

சேலத்து எண் என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கிடையாது. ரத்தசோகை, பிரசவம், தடுப்பூசிக்கெல்லாம் ஐந்தாம் சுற்றில் மாவட்ட எண் வெளியானது. வன்முறைப் பகுதியை 15 விழுக்காடு வீடுகளில்தான் கேட்டோம், அந்த வீட்டிலும் ஒரே ஒரு பெண்ணிடம். மாவட்டத்துக்கென்று சொல்ல அது போதாது. மாநிலத்தோடு நின்றுவிடும்.

ஒரு வீட்டில் ஒரு பெண் என்பது அவருடைய பாதுகாப்புக்காக வைத்த விதி. இருவரிடம் கேட்டால் இன்னொருவர் என்ன சொல்லியிருப்பார் என்று வீட்டில் புகைய ஆரம்பித்துவிடும். யாரைக் கேட்பது என்பதைக் கணினியே குலுக்கி எடுக்கும். அம்மாப்பேட்டையில் இரண்டு மருமகள்கள் இருந்த வீட்டில் அது மூத்தவரைக் காட்டியது. சிரித்த முகத்தோடு எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். நாங்கள் கிளம்பும்வரை இளையவர் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தேன்.

தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே கேட்கக் கூடாது. ஆகவே எங்கள் சாமர்த்தியமெல்லாம் மாமியாரை நகர்த்துவதில்தான் இருந்தது. இதில் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. முந்தைய சுற்றில் பெண்களுக்கு 49 வயதுவரைதான் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். இந்த முறை 15 வயதுக்கு மேல் எல்லோருக்கும் பார்க்கலாம் என்று ஆனது. யார் எதற்காக மாற்றினார்களோ, மாமியாரைத் திண்ணைக்கு அழைத்துப் போக இதைவிட நல்ல அழைப்பு இல்லை. சுகாதாரப் பரிசோதகரான தோழிக்கு நான் கண்ணைக் காட்டினால் போதும். "வாங்கம்மா, காற்றோட்டமாக உட்கார்ந்தால்தான் பிரஷர் சரியாகக் காட்டும்" என்பாள். மூன்று முறை அளக்க வேண்டும், நடுவில் இடைவெளி விட வேண்டும். அதற்குள் நான் பாதி முடித்துவிடுவேன்.

கணவரைக் குழுவிலிருந்த ஆண் களப்பணியாளர் பார்த்துக்கொள்வார். ஆண்களிடம் கேட்கும் கேள்வி வேறு: சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், சமையல் சரியில்லாவிட்டால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால், உடலுறவுக்கு மறுத்தால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மனைவியை அடிப்பது சரியா? இதைப் பெண்களிடமும் கேட்போம். ஏழில் ஒன்றுக்காவது சரி என்றவர்கள் இந்திய அளவில் பெண்கள் 45, ஆண்கள் 44 விழுக்காடு. அடிக்கலாமா என்று ஆணிடம் கேட்கிறோம். அடித்தீர்களா என்று கேட்பதில்லை. அடி வாங்கியவர்தான் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வசதியான வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வெளிக்கதவைத் திறக்க வைப்பதற்கே இரண்டு நாள் ஆகும். உள்ளே போனால் குளிர்சாதன அறை, தனி இடம், யாரும் குறுக்கே வரமாட்டார்கள். விதிப்படி பார்த்தால் அதைவிட உத்தமமான சூழ்நிலை கிடையாது. அங்கேதான் பதில் மிக வேகமாக வரும். இல்லை, இல்லை, இல்லை, அடுத்தது கேளுங்கள். படித்த, வசதியான பெண்களிடையே வன்முறை குறைவு என்று அறிக்கை சொல்கிறது. குறைவாகவே இருக்கலாம். ஆனால் கொண்டலாம்பட்டியில் கத்திச் சொன்ன பெண்ணுக்கு இல்லாத ஒரு பாரம் இவர்களுக்கு இருந்தது. பெயர் கெட்டுவிடும் என்ற பயம்.

குடியைப் பற்றித் தனிக் கேள்வி உண்டு. "குடிக்காத நாளில் தங்கமானவர்" என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டேனோ. கணவர் அடிக்கடி போதையில் இருப்பவரானால் வன்முறையைச் சந்தித்த மனைவியர் 70 விழுக்காடு, குடிக்காதவரானால் 23. அந்த 23ஐத்தான் நான் அதிகம் யோசிப்பேன். பாட்டிலைக் கைகாட்ட வழியில்லாத வீடுகள் அவை.

அந்த 38.1இல் வசவும் அவமானமும் அடங்காது. நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தினாரா என்று கேட்கிறோம், பதிலும் வருகிறது. அது தனி அட்டவணை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லால் செய்வதையும் பணத்தைப் பிடுங்கிக்கொள்வதையும் வன்முறை என்றே சொல்கிறது. செய்தித்தாளில் வரும் எண் சட்டத்தைவிடச் சுருங்கியது.

மார்ச்சில் ஊரடங்கு வந்து களப்பணி நின்றது. டிசம்பரில் திரும்பத் தொடங்கியபோது எங்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் திரும்பினேன். 2021 ஜனவரியில் ஏற்காட்டுக்கு மேலே, சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் போனோம். காப்பிப் பழம் பறிக்கும் காலம். பகலில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். அந்தி சாய்ந்த பிறகுதான் பேட்டி. பனி இறங்கினால் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், தனிமை எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு முகக்கவசம். பாதி முகத்தை மூடிக்கொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "கடந்த 12 மாதங்களில்" என்று கேட்கும்போது இருவருக்கும் தெரியும், அந்த 12 மாதங்களில் கதவடைத்துக் கிடந்த மாதங்களும் சேர்த்தி.

தோட்ட வேலை செய்யும் ஒரு பெண். குடும்பத்தார் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றார். முடித்து, நன்றி சொல்லி, கணினியை மூடினேன். சாலை வரை வழி காட்டுவதற்காகக் கூட வந்தார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நடக்கும்போது, முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "அக்கா, அந்தக் கழுத்தைப் பிடிப்பது பற்றிக் கேட்டீர்களே, அது உண்டு."

ஏன் அப்போது சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்ல வாய் வரவில்லை."

இரவு சூப்பர்வைசரிடம் சொன்னேன், பதிலைத் திருத்தலாமா என்று. மறுத்துவிட்டார். பேட்டியில் சொன்னதுதான் பதில், வழியில் சொன்னதைச் சேர்க்க ஆரம்பித்தால் ஒவ்வொருவரும் தன் மனசுக்குத் தோன்றியதை எழுதுவார்கள் என்றார். அப்போது கோபம் வந்தது. ஒருவாரம் கழித்து யோசித்தபோது அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. திரும்ப ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய், வெளியே நடந்தபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க அனுமதி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் வேறு ஊர், அதற்கடுத்த நாள் இன்னொன்று. அந்த 38.1இல் அந்தப் பெண் இல்லை. வன்முறையைச் சந்தித்தவர்களில் 77 விழுக்காட்டினர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை என்று பிற்பாடு அறிக்கையில் படித்தபோதும், அதிலும் அவர் இல்லையே என்றுதான் தோன்றியது. அவர் என்னிடம் சொன்னார், ஆனால் எந்தக் கட்டத்திலும் விழவில்லை.

அன்று பஸ் நிறுத்தத்தில் உதவி எண் அச்சடித்த சீட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேண்டாம் அக்கா, பையில் பார்த்துவிடுவார். மூன்று இலக்கம்தானே, 181."

பிறகு என் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்லிக் காட்டினார், சரியா என்று கேட்பதுபோல. சரி என்றேன். பஸ் வந்தது.