முப்பத்தொன்பது படிகளும் ஒரு சொல்லும்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள, அந்நாட்டின் காவல் புனிதரான தாவீதின் பேராலயத்தைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் விண்ணப்பம். இந்த ஆலயத்துக்கு இருமுறை யாத்திரை செய்தால் ரோமுக்கு ஒருமுறை சென்றதற்குச் சமம் என்று 12ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர் இரண்டாம் கலிஸ்துஸ் அருளியதாகச் சொல்வார்கள். அத்தகைய ஆலயம் ஊர் நடுவே ஓங்கி நிற்கும் என்று எண்ணிப் போனேன். அதுவோ பள்ளத்தாக்கில் தாழ்ந்து நிற்கிறது. வாசல் கோபுரத்திலிருந்து 39 படிகள் இறங்க வேண்டும். ஆங்கிலிக்கன் திருச்சபையின் விசுவாச அறிக்கையான முப்பத்தொன்பது கோட்பாடுகளின் பெயராலேயே அப்படிகளை அழைக்கிறார்கள்.

அறிக்கை என்பதற்கு வேல்ஸ் மொழியில் ‘கஃபெஸ்’ என்பது சொல், லத்தீனிலிருந்து வந்தது. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படி யாக்கோபு எழுதும் இடத்திலும், நாவுகள் யாவும் இயேசுவைக் கர்த்தரென்று அறிக்கைபண்ணும் என்று பவுல் எழுதும் இடத்திலும் அவர்களுடைய பழைய வேதாகமத்தில் வருவது இந்த ஒரே சொல்தான். வேல்ஸின் கால்வினிய மெதடிஸ்டுகள் என்னும் புராட்டஸ்டண்ட் சபையார் 1823இல் தங்கள் விசுவாசத்தை எழுதி வைத்தபோது அதற்கு இட்ட பெயரும் ‘கஃபெஸ் ஃபீத்’, அதாவது விசுவாச அறிக்கை. நம் சபைகளிலும் பாவ அறிக்கை, விசுவாச அறிக்கை என்று இரண்டுக்கும் ஒரே சொல்லையே ஆள்கிறோம். சிறுவயது முதல் ஞாயிறுதோறும் இரண்டையும் சொல்லி வந்த நான், அந்தப் படிகளில் இறங்கும்வரை அவை ஒன்றுக்கொன்று உறவுடையவை என்று நினைத்ததே இல்லை.

உள்ளே நுழைந்ததும் தரை மேற்கிலிருந்து கிழக்கே மெல்ல உயர்ந்துகொண்டே போவதைக் கால்கள் கண்டுகொண்டன. இறங்கி வந்தவர்கள் பலிபீடத்தை நோக்கி ஏறிச் செல்ல வேண்டியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் திருச்சபைச் சீர்திருத்தக் காலத்தில் சிதைக்கப்பட்டு, 2012இல் புதுப்பிக்கப்பட்ட தாவீதின் திருத்தலத்துக்கு முன் முழங்காலிட்டேன். குளிர்ந்த கல்லின் மீது கை வைத்து, பல ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்லாதிருந்த ஒரு குற்றத்தைத் தமிழில் மெல்லச் சொன்னேன். சொல்லி முடித்த அதே மூச்சில், ‘வானத்தையும் பூமியையும் படைத்த சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்’ என்று நாவு தானாகவே தொடங்கிவிட்டது. விசுவாசப் பிரமாணத்தை இறுதிவரை சொல்லி ‘ஆமென்’ என்று முடித்த பிறகே எழுந்தேன்.