லேப்ல இடம் கிடைச்சும் ஏழு வாரம் வெளிய நின்ன கதை: பயோமெக்கானிக்ஸ் ரிசர்ச் அனுபவம்

நேத்து சாயங்காலம் என் ப்ராஜெக்ட்டோட இருபதாவது ஆள், அதாவது கடைசி ஆள், நடந்து முடிச்சு, கேமராவுக்கு அசைவு தெரியறதுக்காக உடம்புல ஒட்டுற பளபள மார்க்கரை எல்லாம் கழட்டிக் குடுத்துட்டு கிளம்பினாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா நடுவுல வீணாப் போன ஏழு வாரத்தை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. மனுஷங்க நடக்கிறது, ஓடுறது, குதிக்கிறது இதுல ரிசர்ச் பண்ணணும்னு ஆசையில இருக்கிற பிள்ளைங்க இதை முழுசா படிச்சிருங்க, எனக்கு யாரும் முன்னாடியே சொல்லல, சொல்லியிருந்தா பாதி செமஸ்டர் மிச்சமாயிருக்கும்.

நான் பிசியோதெரபி. எலும்பு தசை எல்லாம் தெரியும், கோடிங் அவ்வளவா வராது. லேப் தேடி மொத்தம் 14 மெயில் அனுப்பினேன், எல்லாத்துலயும் ஒரே பாட்டு தான், எனக்கு உங்க துறைல ரொம்ப ஆர்வம், வாய்ப்பு குடுங்க, சிவி இணைச்சிருக்கேன். 11 பேர்கிட்ட இருந்து பதிலே இல்ல, மூணு பேர் இப்ப இடமில்லன்னு ஒரு வரில முடிச்சிட்டாங்க. சம்மர் ப்ரோக்ராம் பக்கம் போறவங்களுக்கு இங்கயே ஒண்ணு சொல்லிடுறேன், யாருக்கெல்லாம் தகுதின்றதை முதல்ல படிங்க. அமெரிக்காவுல என்எஸ்எஃப்ன்ற அரசு அறிவியல் அமைப்பு பணம் குடுத்து நடத்துற ஆர்இயுன்ற இளங்கலை மாணவர் ரிசர்ச் ப்ரோக்ராம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் பெர்மனென்ட் ரெசிடென்ட்டுக்கும் தான், நான் ரெண்டு நாள் உக்காந்து கட்டுரை எல்லாம் எழுதி முடிச்ச அப்புறம் தான் அந்த வரியைப் பார்த்தேன்.

லேப் நடத்துற ஒரு மேடத்துக்கு அனுப்பின 15வது மெயில்ல தான் கதவு திறந்துச்சு. அதுல ஆர்வம்ன்ற வார்த்தையே கிடையாது. 2018ல பீர்ஜே இதழ்ல 42 பேரோட நடை டேட்டாவை யார் வேணும்னாலும் எடுத்துக்கிற மாதிரி போட்டிருக்காங்க, இளையவங்க 24 பேர், மூத்தவங்க 18 பேர், மெதுவா, சாதாரணமா, வேகமான்னு தனித்தனியா இருக்கும். அதை இறக்கி, பைத்தான் தெரிஞ்ச ஃபிரெண்டை பக்கத்துல உக்கார வச்சு, தரை பாதத்தை மேல தள்ளுற விசையை உடல் எடையால வகுத்து ஒரு கிராஃப் போட்டேன். ரெண்டு முகடு, நடுவுல ஒரு பள்ளம், எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த எம் வடிவம் தான். வேகம் கூடக் கூட முகடு ஏறுது, பள்ளம் இன்னும் கீழ இறங்குது. அந்த ஒரு படத்தை வச்சு, உங்க லேப்ல முட்டி தேய்மானம் இருக்கிறவங்க டேட்டா எடுக்கிறீங்களே மேடம், அவங்க வேகமா நடந்தா இந்தப் பள்ளம் இதே அளவுக்கு இறங்குதான்னு அஞ்சு வரில கேட்டேன். ரெண்டாவது நாளே வந்து பாருங்கன்னு பதில் வந்துச்சு. லேப்பே இல்லாத ஊர்ல இருக்கிறவங்க கூட இதைச் செய்யலாம், ஸ்டான்ஃபோர்ட்ல உருவான ஓப்பன்சிம் சாஃப்ட்வேர் இலவசம், தசை எலும்பு மாடலை வச்சு வீட்டுலயே பழகலாம், அதே ஆளுங்க பக்கத்துல இருந்து வந்த ஓப்பன்கேப்க்கு மார்க்கர் கூட வேண்டாம், ரெண்டு ஐபோன் இருந்தா வீடியோவுல இருந்தே மூட்டுக் கோணம் எடுத்துக் குடுக்கும்.

இன்டர்வியூ, சேர்றது எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுது. வயித்தெரிச்சல் இதுக்கு அப்புறம் தான்.

லேப்ல ஏற்கனவே ஓடிட்டு இருந்த ப்ராஜெக்ட், மனுஷங்களை வச்சு ஆராய்ச்சி பண்ண கமிட்டி குடுக்கிற அனுமதி, அதாவது எத்திக்ஸ் அப்ரூவல், எப்பவோ வந்தாச்சு, அதனால நான் நேரா டேட்டா எடுக்க ஆரம்பிச்சிடலாம்னு தான் எல்லாரும் நினைச்சோம், மேடமும் அப்படித்தான் நினைச்சாங்க. ரெண்டு வாரம் சீனியர்ங்க கால்லயே மார்க்கர் ஒட்டி ஒட்டிப் பழகினேன். முதல் பார்ட்டிசிபன்ட் ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், ரெண்டு மணி நேரம் பயணம் பண்ணி வந்திருந்தாங்க. கன்சென்ட், அதாவது சம்மதக் கையெழுத்து வாங்கி, இடுப்பு முன்னெலும்பு பின்னெலும்புல இருந்து பாதம் வரைக்கும் 16 மார்க்கரையும் ஒட்டி முடிச்சு, கேமரா எல்லாம் அவங்களைப் பிடிக்குதான்னு பார்த்துட்டு இருக்கேன், லேப் இன்சார்ஜ் சார் உள்ள வந்தார். கன்சென்ட் வாங்கினது யாருன்னு கேட்டார். நான் தான் சார்ன்னேன். அப்ரூவல் லெட்டரை எடுத்துப் பார்த்துட்டு, இதுல உங்க பேர் எங்கம்மான்னு கேட்டார்.

பேர் இல்ல. அப்ரூவல் இருக்கிற ப்ராஜெக்ட்டா இருந்தாலும், பார்ட்டிசிபன்ட்டைத் தொடுறவங்க, கன்சென்ட் வாங்குறவங்க, பேரோட இருக்கிற டேட்டாவைப் பார்க்கிறவங்க எல்லார் பேரும் கமிட்டி ஒத்துக்கிட்ட அந்த ஆய்வுத் திட்டத்துல, அதாவது ப்ரோட்டோகால்ல இருக்கணும், இல்லன்னா அமெண்ட்மென்ட்ன்ற திருத்தம் போட்டு சேர்க்கணும். சார் மேல எனக்குக் கோவமே இல்ல, அவர் செஞ்சது தான் சரி. அந்த அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டு ஒவ்வொரு மார்க்கரா எடுத்தேன், முட்டிக்கு வெளிப்பக்கம் டேப் பிடிச்ச இடத்துல வட்டமா செவந்து போயிருந்துச்சு, அவங்க பரவால்லம்மா இன்னொரு நாள் வரேன்னு சொன்னாங்க பாருங்க, அப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.

மறுநாள் காலைலயே எத்திக்ஸ் ஆபீஸ். கவுன்டர்ல இருந்தவர் நிமிர்ந்து கூட பார்க்காம ஃபார்ம் எடுத்துட்டு வாங்கன்னார். வெப்சைட்ல இருந்த ஃபார்மை நிரப்பிக் கொண்டு போனேன், இது பழைய ஃபார்ம், புதுசு இங்க தான் கிடைக்கும்ன்னார். புதுசை நிரப்பி மேடம்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு போனா துறைத் தலைவர் கையெழுத்தும் வேணுமாம், தலைவர் ஒன்பது நாள் லீவ். அவர் வந்து கையெழுத்து போட்டதும் மூணாவது தடவை போனேன், ட்ரெயினிங் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்துட்டு இது மருந்து ட்ரயலுக்கானது, மனுஷங்களை வச்சுப் பண்ற ஆராய்ச்சிக்கான எத்திக்ஸ் கோர்ஸ் வேறன்னு திருப்பிக் குடுத்துட்டார். அதை அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல உக்காந்து முடிச்சேன். நாலாவது தடவை எல்லாமே சரியா இருந்துச்சு, ஆனா கமிட்டி மீட்டிங் முந்தின நாள் தான் முடிஞ்சிருந்துச்சு, அடுத்த மீட்டிங் அடுத்த மாசம், அப்ப வாங்கன்னுட்டார். வேணும்ன்ற எல்லாத்தையும் முதல் நாளே ஒரே மூச்சுல சொல்லியிருக்கலாமே, அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகல.

காப்பாத்தினது ஒரு சீனியர் அக்கா. ஆள் மட்டும் தான் மாறுது, பார்ட்டிசிபன்ட்டுக்கு புதுசா எந்த ரிஸ்க்கும் இல்லன்னா நிறைய கமிட்டில அதை முழு மீட்டிங்குக்கு கொண்டு போக மாட்டாங்க, எக்ஸ்பிடைட்டட் ரிவ்யூன்ற சீக்கிர வழில கமிட்டித் தலைவரோ மெம்பர் செக்ரட்டரியோ பார்த்து முடிச்சிடுவாங்க, கேட்டுப் பாருன்னாங்க. அன்னைக்கே மூணு வரில லெட்டர் எழுதினேன், டெஸ்ட்ல எந்த மாற்றமும் இல்ல, கன்சென்ட்ல என் பேர் சேர்றதைத் தவிர எந்த மாற்றமும் இல்ல, ஒரு மாணவர் பேர் மட்டும் சேர்க்கணும்னு. நாலே நாள்ல அப்ரூவல் கைக்கு வந்துருச்சு! கவுன்டர்ல அந்த வழியை யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்களா தான் கேக்கணும். லேப்ல சேர்ற அன்னைக்கே மேடம்கிட்டயோ சார்கிட்டயோ, என் பேரை அப்ரூவல்ல சேர்க்கணுமா, அதுக்கு யாரைப் பார்க்கணும்னு கேட்டுருங்க.

அதோட முடியல. அமெண்ட்மென்ட் வந்தா கன்சென்ட் ஃபார்மோட வெர்ஷன் நம்பரும் தேதியும் மாறும். பழைய ஜெராக்ஸ் கட்டு டிராயர்ல கிடந்ததை கவனிக்காம முதல் மூணு பேர்கிட்ட 1.1ல கையெழுத்து வாங்கிட்டேன், 1.2ல வாங்கியிருக்கணும். நடந்ததை கமிட்டிக்கு எழுதிக் குடுத்து, மூணு பேரையும் திரும்பக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கின அப்புறம் தான் அந்த டேட்டாவைத் தொட விட்டாங்க. புதுசு வந்த அன்னைக்கே பழைய கட்டைக் கிழிச்சுப் போட்டுருங்க. போட்டோ எடுக்கவும் கன்சென்ட்ல தனி வரி வேணும், எங்க ஃபார்ம்ல அது இல்ல, அதனால போஸ்டருக்கு நல்ல படம் இருந்தும் போட முடியல.

டேட்டா எடுக்கிறப்ப ரெண்டு விஷயத்துல நல்லா அடி வாங்கினேன். ஒண்ணு ஷூ. ஓடுற ஷூ நிறையத்துல பின்னாடி பளபளன்னு ஒரு பட்டை இருக்கும், மார்க்கர் மாதிரியே அதுவும் கேமராவோட இன்ஃப்ராரெட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், ஸ்கிரீன்ல இல்லாத மார்க்கர் எல்லாம் குதிச்சு குதிச்சு ஓடும். அரை நாள் கேமராவைத் திரும்பத் திரும்ப கேலிபிரேட் பண்ணிட்டு இருந்தேன், கடைசில பட்டை மேல சாதாரண டேப் ஒட்டினதும் சரியாயிடுச்சு.

இன்னொண்ணு முட்டி. அஞ்சாவது ஆளோட கிராஃப்ல, கால் காத்துல வீசுற நேரத்துல முட்டி பக்கவாட்டுல 20 டிகிரிக்கு மேல வளையுதுன்னு காட்டுச்சு. நல்ல முட்டி அப்படி வளையவே வளையாது. நான் ஏதோ நோயைக் கண்டுபிடிச்ச மாதிரி மேடம்கிட்ட ஓடினேன். அவங்க பொறுமையா என் கையைப் பிடிச்சு தொடை எலும்போட வெளிப்பக்க முண்டு மேல வச்சு, முட்டியை மடக்கி நீட்டச் சொல்லி, விரலுக்கு அடியில தோல் எவ்வளவு நகருதுன்னு உணர வச்சாங்க. என் மார்க்கர் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னாடி இருந்துச்சு. முட்டியோட அச்சு கொஞ்சம் திரும்பிப் போனாலே மடங்குற கோணம் பக்கவாட்டுக் கோணத்துல கசிஞ்சிடும், மடக்கம் அதிகமா இருக்கிற வீசுற கட்டத்துல தான் அது பெருசாத் தெரியும். அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாச்சு. இப்ப ஒவ்வொருத்தருக்கும் அசையாம நிக்க வச்சு எடுக்கிற ஸ்டாட்டிக் எடுத்த கையோட ஒரு தடவை நடக்க விட்டு இந்த ஒரு கிராஃபை மட்டும் பார்த்துட்டுத் தான் மேல போறேன்.

பாதத்தோட விசையை அளக்கிறதுக்கு தரையில பதிச்சிருக்கிற ஃபோர்ஸ் பிளேட் எங்க இருக்குன்னு நடக்கிறவங்ககிட்ட சொல்லாதீங்க. சொன்னா அதைக் குறி வச்சு அடி வைப்பாங்க, நடையே மாறிடும். நேரா சுவரைப் பார்த்து நடங்கன்னு சொல்லிட்டு, ஆரம்பிக்கிற இடத்தை அரை அடி முன்ன பின்ன நகர்த்துங்க, தானா ஒரு பாதம் முழுசா பிளேட்ல விழும்.

கேமரா தவறவிட்ட இடத்தை நிரப்புற கேப் ஃபில்லிங், எந்த மார்க்கர் எதுன்னு பேர் வைக்கிற லேபிளிங், டேட்டாவுல இருக்கிற இரைச்சலைக் குறைக்கிற 6 ஹெர்ட்ஸ் ஃபில்டர் எல்லாம் மூணு வாரம், பொறுமை தான் வேணும். ஆனா பேப்பர்ல பேர் வருமான்றதை இந்த வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. லேபிள் பண்றது மட்டும்னா நன்றிப் பகுதில தான் பேர் வரும், கேள்வி, அனாலிசிஸ், எழுதுறது இதுல பங்கு இருந்தா தான் ஆத்தர். நான் கூச்சப்பட்டுக்கிட்டே கேட்டேன், மேடம் எந்த அனாலிசிஸ் என்னோடதுன்னு அன்னைக்கே மெயில்ல எழுதிக் குடுத்துட்டாங்க. அந்தப் பள்ளம் பத்தி நான் மெயில்ல கேட்ட கேள்வி தான் இப்ப என் அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம். 1973ல இருந்து இருக்கிற சர்வதேச பயோமெக்கானிக்ஸ் சொசைட்டில மாணவர் மெம்பர்ஷிப் இருக்கு, மாணவர் கிராண்ட்டும் உண்டு, நானும் சேர்ந்துட்டேன்.

அந்த முதல் அம்மா சொன்ன மாதிரியே திரும்ப வந்தாங்க, நேத்து கடைசியா நடந்தது அவங்க தான். திங்கக்கிழமை லேப்புக்கு ஒரு ஜூனியர் வரான், அவனுக்கு புது ஃபார்மும் எந்த கோர்ஸ் முடிக்கணும்ன்றதும் போன வாரமே அனுப்பிட்டேன், துறைத் தலைவர் கையெழுத்தும் வாங்கி வச்சாச்சு.