பேட்ஜுக்கு முன்னால் பேப்பரைப் படியுங்கள்

அமெரிக்கக் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்த மகள், "அம்மா, நான் ரஷ் பண்ணப் போறேன்" என்றால் பதற வேண்டாம். சொராரிட்டி என்பது கல்லூரிப் பெண்கள் சேரும் சங்கம்; கேம்பஸில் உள்ள ஒவ்வொரு சங்கத்தையும் 'வீடு' என்பார்கள். அந்த வீடுகளுக்கு வரிசையாகப் போய், பேசி, பார்த்துவிட்டு வருவதற்குத்தான் ரஷ் என்று பெயர். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். சில இடங்களில் ஜனவரி. சுற்றுக்குச் சுற்று வீடுகள் குறைந்து, கடைசியில் பெரும்பாலும் இரண்டு மிஞ்சும்.

அந்தக் கடைசிச் சுற்று முடிந்த கையோடு, எந்த வீடுகளில் சேரச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பிள்ளைகள் இடறுவது இங்கேதான். எழுதிக் கொடுத்த வீட்டிலிருந்து 'பிட்', அதாவது சேரும்படி அழைப்பு, வந்து, அதை வேண்டாம் என்று சொன்னால், அதே கேம்பஸில் அடுத்த வருட ரஷ் வரை வேறு வீட்டில் இடமில்லை. சேர்ப்புச் சடங்கே முடிந்துவிட்டால், நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பின் 26 சொராரிட்டிகளில் வேறொன்றில் ஆயுசுக்கும் சேர முடியாது. பிடிக்காத வீட்டின் பெயரை மரியாதைக்காக எழுதி வைக்கவே கூடாது.

இனி அடையாளங்கள். கப்பா ஆல்ஃபா தீட்டா 1870இல் இந்தியானாவில் தொடங்கியது; அதன் பேட்ஜ் பறக்கவிடும் பட்டத்தின் வடிவம், பூ பேன்சி. பை பீட்டா ஃபைக்கு அம்பு, கப்பா கப்பா காமாவுக்குச் சாவி. 'சொராரிட்டி' என்ற சொல்லே பிறகு வந்ததுதான். சிராக்யூஸில் 1874இல் தொடங்கிய காமா ஃபை பீட்டாவுக்காக லத்தீன் பேராசிரியர் ஒருவர் உண்டாக்கியது. அதற்கு முந்திய சில சங்கங்கள் இன்றும் தங்களை ஃபிரட்டர்னிட்டி (ஆண்களின் சங்கத்துக்குரிய பெயர்) என்றே சொல்லிக்கொள்வது அதனால்தான்.

பேட்ஜ் சின்னதுதான், கட்டுப்பாடு பெரிது. இடது மார்பில், இதயத்துக்கு மேல் குத்த வேண்டும். மற்ற பின்களெல்லாம் அதற்குக் கீழேதான். டீஷர்ட்டில் கூடாது, மது பரிமாறும் இடத்தில் கூடாது. புடவை கட்டும் நாளில் முந்தானை இடது தோளில் விழுவது வசதிதான். ஆனால் ஒற்றைப் பட்டில் குத்தினால் எடை தாங்காமல் பேட்ஜ் தலைகுப்புறத் தொங்கும், இழையும் ஓடும். மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்து, பின்னால் சிறு ஃபெல்ட் துண்டு வைத்துக் குத்தினால் நிமிர்ந்து நிற்கும்.

சடங்குகளில் அழகானது மெழுகுவர்த்தி சுற்றுவது. ஒருத்திக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருக்கும். யாருக்கென்று மற்றவர்களுக்குத் தெரியாது. விளக்கணைத்து வட்டமாக நின்று, எரியும் மெழுகுவர்த்தியைக் கைமாற்றுவார்கள். உரியவள் தன் முறை வரும்போது ஊதி அணைப்பாள், அறையே கூச்சலிடும். எத்தனையாவது சுற்றுக்கு என்ன செய்தி என்பது சாப்டருக்குச் சாப்டர், அதாவது கிளைக்குக் கிளை, மாறும்.

கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகளில் முறையே வேறு. 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் நிறம் சாமன் பிங்க், ஆப்பிள் பச்சை. அடையாளம் ஐவி இலை. கமலா ஹாரிஸ் முத்துமாலை அணிவதைப் பலர் வெறும் நகை என்று நினைத்தார்கள். சென்னைப் பெண் சியாமளாவின் மகள் ஹோவர்டில் சேர்ந்தது இந்தச் சொராரிட்டியில்தான். நிறுவனர்களை '20 முத்துகள்' என்பது அங்கே வழக்கம். அங்கே 'ரஷ்' என்ற பேச்சே கிடையாது, 'இன்டேக்' என்பார்கள். உறுப்பினர் அல்லாதவர் அந்தச் சொராரிட்டியின் கிரேக்க எழுத்துகள் போட்ட சட்டையை அணிவது பெரிய அவமரியாதை.

தெற்காசியப் பெண்களுக்கென்றே தொடங்கியவையும் உண்டு: டெக்சாஸில் கப்பா ஃபை காமா, டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ. மூன்றும் 1998இல் பிறந்தவை.

சேர்ப்புச் சடங்கு ரகசியம். பெற்றோருக்கும் சொல்ல மாட்டார்கள். அதில் தப்பில்லை. குடிக்க வைப்பது, தூங்க விடாமல் வேலை வாங்குவது எல்லாம் சடங்கு அல்ல, ஹேசிங். பல மாநிலங்களில் அது குற்றம். அத்தகைய புகார்களில் விசாரித்து உறுதியானவற்றைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் மத்திய சட்டமும் வந்துவிட்டது.

செலவு: பருவத்துக்குச் சந்தா, ஒருமுறை சேர்ப்புக் கட்டணம், தனியாகப் பேட்ஜ் விலை. காசு கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலான இடங்களில் பேட்ஜ் சொராரிட்டியின் சொத்து. விலகினால் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.